காலி வண்டியின் எடை

காலி வண்டி ஓர் ஆளை ஏற்றிக்கொண்ட கனம் காட்டியது.

நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் நான்கு தட்டுத் தராசுகள். அவற்றிலிருந்து வந்த கம்பிகள் ஒரு சின்னப் பெட்டியில் சேர்ந்து பச்சை எண்களாக எரிந்துகொண்டிருந்தன. நூல்காரன் அந்த எண்களைப் பார்த்தான். பிறகு பட்டறையின் மறுகோடியில் ஸ்பேனர் துடைத்துக்கொண்டிருந்த மச்சினனைப் பார்த்தான். எது தப்பாகப் போனாலும் முதலில் மச்சினனைப் பார்ப்பது அவன் வழக்கம். பெரும்பாலும் அதற்குமேல் தேட வேண்டியிருக்காது என்பது அவன் கட்சி.

"டேய், உள்ள என்னத்த வச்ச?"

"எதுக்குள்ள மாமா?"

"என் தலைக்குள்ள. வண்டிக்குள்ளடா, வெங்காயம். அறுபது கிலோ கூடக் காட்டுது."

மச்சினன் வந்து எட்டிப் பார்த்தான். நல்ல பையன், உழைப்பாளி, அக்காள் மேல் உயிர், அக்காள் புருஷன் மேல் பயம் கலந்த மரியாதை. இவை எல்லாமே நூல்காரனுக்கு எரிச்சல் தரும் குணங்கள்.

"ஒண்ணும் இல்லையே மாமா. டேங்க்கூட காலிதான்."

"அப்ப பேய் உக்காந்திருக்கா?"

மச்சினன் சிரித்தான். நூல்காரன் சிரிக்கவில்லை. தன் நகைச்சுவைக்குப் பிறர் சிரிப்பதும் அவனுக்குப் பிடிக்காது.

பட்டறைகளில் அவனுக்கு நூல்காரன் என்றுதான் பேர். பந்தய வண்டியின் இரண்டு பக்கமும் நூல் இழுத்துக் கட்டி, எந்தச் சக்கரம் எந்தப் பக்கம் மயிரிழை திரும்பியிருக்கிறது என்று அளந்து சொல்வான். இந்தக் காலத்தில் அதற்கு மெஷின் வந்துவிட்டது. மெஷினை நம்புகிறவன் கண் இல்லாதவன் என்பான். நூலை நம்புகிறவர்களையும் மதித்தானா என்றால், இல்லை. அவர்களுக்குக் கட்டத் தெரியாது.

தராசுகளைக் கழற்றி, தரை மட்டம் பார்த்து, மறுபடி வைத்தான். அதே எண். பக்கத் தகடுகளைக் கழற்றினான், வண்டியின் மூக்குப் பகுதியைக் கழற்றினான், டேங்க்கைத் தட்டினான். வண்டி சுருட்டு மாதிரி ஒடுங்கியது. நடுவில் ஒரே ஓர் ஆள் நுழையும் குழி, அந்த ஆளின் முதுகுக்குப் பின்னால் இன்ஜின். ஒளித்துவைக்க உள்ளே இடமே கிடையாது. குழிக்குள் தலையை விட்டு மோந்தான். பழைய பெட்ரோல். அந்தக் காலப் பந்தய இன்ஜின்களுக்கு ஊற்றும் விளக்கெண்ணெயின் கொழகொழத்த இனிப்பு வாடை. அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. நெடும்பயணத்தில் பக்கத்து இருக்கைக்காரன் எழுந்துபோன பிறகு அந்த இடத்தில் மிஞ்சுமே, வியர்வையும் மூச்சும் துணியும் சேர்ந்த ஒரு வாடை, அது. சீட்டின் தோலில் உள்ளங்கையை வைத்தான்.

வெதுவெதுப்பாக இருந்தது.

கையை எடுத்துக்கொண்டான். கூரைத் தகரத்தில் வெயில், அதனால்தான் என்று நினைத்தான். வண்டி நின்றது நிழலில். அதை அவன் நினைக்கவில்லை.

"தராசு போச்சு," என்றான். "வாங்கினவன் லட்சணம் அப்படி."

வாங்கினவர் டைல்ஸ் கடை முதலாளி. வண்டிக்கும் அவர்தான் சொந்தக்காரர். எங்கோ ஒரு ஷெட்டில் முப்பது வருஷமாகக் கிடந்ததை, பழைய பந்தயக்காரர் ஒருவரின் விதவையிடமிருந்து வாங்கினார். வாங்கிய கையோடு தோல் கையுறையும் கண்ணாடியும் வாங்கிக்கொண்டார். தொப்பை மட்டும் வண்டிக்குள் நுழையவில்லை. பழைய வண்டிகளுக்கென்று நடக்கும் பந்தயம் அடுத்த மாதம் வருகிறது. யாராவது ஓட்டியாக வேண்டும். நூல்காரனா, மச்சினனா?

நூல்காரன் ஒரு காலத்தில் ஓட்டியவன். வேகமாகத்தான் ஓட்டினான். ஆனால் எந்த அணியிலும் ஒரு சீசனுக்குமேல் நிலைக்கவில்லை. மேனேஜரை முட்டாள் என்பான், மெக்கானிக்கை மாடு என்பான், ஜெயித்தவனை அதிர்ஷ்டக்காரன் என்பான். கடைசியில் ஒருவரும் கூப்பிடவில்லை. பத்து வருஷமாக மற்றவர்கள் ஓட்டுவதற்கு வண்டி தயார் செய்துகொண்டிருக்கிறான். அவர்கள் ஏறி உட்காரும்போது பெல்ட்டை மாட்டிவிடுவான். மாட்டும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டான். இனி ஒரு முதலாளி அவனை வண்டியில் ஏற்றுவார் என்றால் அது இந்த முதலாளிதான். அதுவும் பந்தயத்தைப் பற்றி இவருக்கு ஒன்றும் தெரியாது என்பதால்.

"சனிக்கிழமை டிராக் வாடகைக்கு எடுத்திருக்கேன்," என்றிருந்தார் முதலாளி. "நீங்க ஓட்டிக் காட்டுங்க நூல்காரரே. சரியா வந்தா பந்தயத்துக்கும் நீங்கதான். இல்லன்னா தம்பி இருக்கான்."

தம்பி இருக்கான். அந்த இரண்டு சொற்களை நூல்காரன் ஒரு வாரமாக மென்றுகொண்டிருந்தான்.

முதலாளி போட்ட நிபந்தனை ஒன்றுதான். சீட்டைத் தொடக்கூடாது. பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு பைத்தியம் உண்டு. எது முதலில் இருந்ததோ அது அப்படியே இருக்க வேண்டும், ஓர் ஆணி மாறினாலும் மதிப்பு இறங்கிவிடும். "அந்தம்மா என்ன சொல்லுச்சு தெரியுமா? வண்டிய எடுத்துக்கோ, சீட்ட மட்டும் எரிச்சிடுன்னு! ஒரிஜினல் சீட்ட எவனாச்சும் எரிப்பானா?" என்று சிரித்தார் முதலாளி. நூல்காரனும் அன்று ஒருமுறை சேர்ந்து சிரித்தான், முதலாளி, விதவை இருவரையும் ஒரே சிரிப்பில் கேலி செய்ய முடிந்தது என்பதற்காக.

ஆனால் அந்த சீட் அவனுக்குப் பொருந்தாது. அது வேறொருவனுக்காக வார்த்தது. இத்தகைய வண்டியில் ஆளை சீட்டில் உட்காரவைத்து, முதுகுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து, இரண்டு திரவங்களைக் கலந்து அதற்குள் ஊற்றுவார்கள். அது பொங்கும், சூடாகும், ஆளைச் சுற்றி ஏறி அப்படியே இறுகிப்போகும். அப்புறம் அந்த ஃபோமில் அந்த உடம்பின் அச்சு இருக்கும். அந்த ஆளைத் தவிர வேறு யார் உட்கார்ந்தாலும் எலும்பு இடிக்கும். முறையாகச் செய்கிறவன் பழையதைப் பிடுங்கி எறிந்துவிட்டு சீட்டின் வெறும் கூட்டுக்குள்தான் ஊற்றுவான். பழசின் மேல் புதுசை ஊற்றுவது, செத்தவன் சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொள்வது போல. கற்றுக்குட்டிகள் செய்கிற வேலை. நூல்காரனே அப்படிச் செய்த இரண்டு பேரைப் பட்டறை நடுவில் நிறுத்தி அவமானப்படுத்தியிருக்கிறான்.

இப்போது அவனே அதைச் செய்யப் போகிறான். இல்லாவிட்டால் தம்பி இருக்கான்.

ஊற்றுமுன் எடை எடுக்க வேண்டும். ஆள் உட்கார்ந்தால் நான்கு சக்கரத்திலும் கனம் எப்படிப் பிரிகிறது என்று பார்ப்பதற்காக. நூல்காரன் இரண்டு பக்கமும் கை ஊன்றிக் குழிக்குள் கால்களை விட்டு இறங்கினான். தோல் முனகியது. பழைய சீட்டின் மேடுகள் விலாவில் குத்தின.

"சொல்லுடா."

மச்சினன் பெட்டியைப் பார்த்தான். தட்டினான். மறுபடி பார்த்தான்.

"மாமா, உக்காந்துட்டீங்களா?"

"இல்ல, பறந்துக்கிட்டு இருக்கேன்."

"நீங்க ஏறுனதே தெரியல மாமா. அதே நம்பர்தான். ஒரு கிலோகூட ஏறல."

நூல்காரன் கீழே பார்த்தான். முழங்கால்கள் இருந்தன. தொடைகள் இருந்தன. எழுபது கிலோ மனிதன், நேற்றுத்தான் எடை பார்த்தது. தராசு அவனைக் கணக்கில் எடுக்கவில்லை. ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்பது போல அந்தப் பச்சை எண்கள் அசையாமல் நின்றன.

"நான்தான் சொன்னேனே, தராசு போச்சுன்னு. ஊத்து."

மச்சினன் பையை விரித்தான், திரவங்களைக் கலந்தான், ஊற்றினான். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு முதுகுக்குப் பின்னால் சின்னதாக ஒரு சலசலப்பு, இலைகளுக்குள் பூச்சி ஓடுவது போல. அப்புறம் சூடு. இடுப்பில் தொடங்கி, முதுகெலும்பின் இரண்டு பக்கமும் மெதுவாக ஏறி, அக்குளுக்கடியில் நுழைந்து, தோள்பட்டைகளை வந்து பிடித்தது. பலமுறை பிறருக்கு ஊற்றியிருக்கிறான். எல்லோரும் கூச்சப்பட்டுச் சிரிப்பார்கள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஃபோம் பொங்கும்போது ஆளை முன்னால் தள்ளும், அதுதான் அதன் இயல்பு. இது பின்னால் இழுத்தது. ஒருவன் தன் மார்போடு அவன் முதுகைச் சேர்த்து, பொறுமையாக, அவசரமில்லாமல் அணைப்பது போல.

"அசையாதீங்க மாமா, இறுகட்டும்."

"எனக்கே சொல்லித் தர்றியா?"

ஆனால் அசைய முடிகிறதா என்று அவன் சோதித்துப் பார்க்கவில்லை.

இறுகியதும் அவனை இரண்டு கையையும் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. பையை உரித்து ஃபோமை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தார்கள். இருவரும் அதைப் பார்த்தபடி நின்றார்கள்.

அதில் இருந்தது நூல்காரனின் முதுகு அல்ல. அவன் அகன்ற ஆள். அச்சு ஒடுங்கியிருந்தது. அவன் நிமிர்ந்து உட்கார்பவன், அதைப் பற்றிப் பீற்றிக்கொள்பவன். அச்சில் இடது தோள் இரண்டு விரல் இறங்கியிருந்தது. முதுகெலும்பின் முடிச்சுகள் வரிசையாகத் தெரிந்தன, பலநாள் பட்டினி கிடந்தவனுக்குத் தெரிவது போல.

மச்சினன் தொண்டையைக் கனைத்தான். "பழைய சீட்டோட ஷேப் மேல வந்துடுச்சு போல. இன்னொரு தடவை ஊத்துவோமா மாமா? இன்னொரு டப்பா இருக்கு. முதலாளிகிட்ட நான் பேசறேன், பழசப் பத்திரமாக் கழட்டி வச்சிட்டு..."

நான் பேசறேன். நூல்காரனின் காதில் அது மட்டும் விழுந்தது. இவன் போய்ப் பேசுவான். முதலாளி தட்டிக்கொடுப்பார். பேச்சோடு பேச்சாக, நீயே ஓட்டேன் தம்பி என்பார்.

"நீ பேசிக் கிழிச்சது போதும். எடுத்து மாட்டு."

மாட்டினான். நூல்காரன் மறுபடி ஏறி உட்கார்ந்தான், விலா இடிக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு. எங்கும் இடிக்கவில்லை. பிறந்ததிலிருந்து அந்தக் குழிக்குள்ளேயே இருந்தவன் போலப் பொருந்தினான்.

"தோள் வலிக்குதா மாமா?" என்றான் மச்சினன். "ஒரு பக்கமாச் சாஞ்சு உக்காந்திருக்கீங்க."

"வேலையப் பாருடா."

சனிக்கிழமை டிராக்கில் ஒரு குருவிகூட இல்லை. பழைய டிராக். ஓரக் கல்லில் சிவப்பும் வெள்ளையும் உரிந்து சாம்பலாகியிருந்தன. பார்வையாளர் படிக்கட்டில் செடி முளைத்திருந்தது. வளைவுகளில் அடுக்கிய டயர்களுக்குள் மழைத்தண்ணீர் தேங்கி அழுகிய ரப்பர் நாற்றம். காலை முழுவதும் கார்புரேட்டர் மக்கர் பண்ணியது. பிறகு பிளக் நனைந்தது. பிறகு முதலாளி சாப்பிடப் போனார். எல்லாம் சரியாகும்போது வெயில் சாய்ந்து, வேலிக்கம்பங்களின் நிழல்கள் ரோட்டில் குறுக்கே விழத் தொடங்கியிருந்தன.

நூல்காரன் ஏறி உட்கார்ந்திருந்தான். மச்சினன் பெல்ட்டுகளை மாட்டினான். முதலாளிக்கு அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. ஃபோனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, வண்டிக்கு மேல் நீட்டினார்.

"அம்மா, உங்க வண்டி இன்னைக்கு ஓடப்போகுது! ரெண்டு வார்த்தை நல்லதாச் சொல்லுங்க, வீடியோ எடுக்கறோம்."

"சீட்ட எரிச்சாச்சா?" என்றது ஃபோன். வயதான குரல், ஆனால் நடுக்கமில்லாத குரல்.

"அது ஒரிஜினல்ம்மா. எரிச்சா வண்டிக்கு என்ன மதிப்பு?"



"யாரு ஓட்டறது?"

"நம்ம நூல்காரர்."

"எப்படிப்பட்ட ஆளு?"

முதலாளி நூல்காரனைப் பார்த்து அசடு வழிந்தார். "வேலை சுத்தம்மா. வாய்தான் கொஞ்சம்..."

"என் வீட்டுக்காரரும் அப்படித்தான். அவர் கண்ணுக்கு ஒருத்தனும் மனுஷன் இல்ல. நான் வச்ச சாப்பாட்டுத் தட்டு சுவத்துலதான் போய் விழும்." ஃபோன் மூச்சு வாங்கிக்கொண்டது. "கடைசியா இத ஓட்டினப்ப விபத்துன்னு ஊர்ல பேசிக்கிறாங்க. விபத்தெல்லாம் இல்ல. நானும் அன்னைக்கு அங்கதான் நின்னேன். வண்டி ஓடுச்சு, வந்து நின்னுச்சு, இறங்கி வந்தார். வந்தவர் தங்கமான மனுஷன் சார். அதுக்கப்புறம் வண்டியவே தொடல. இருபது வருஷம் என்னைய ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினதில்ல. நான் சாப்பிட்டப்புறம்தான் சாப்பிடுவார். செத்தப்ப ஊரே அழுதுச்சு."

"அப்புறம் என்னம்மா, நல்லதுதானே!"

"நல்லதுதான். ஆனா அவர் என் புருஷன் இல்ல. என் புருஷனுக்கு இடது தோள் இறங்கியிருக்கும். சின்ன வயசுலேர்ந்தே. இறங்கி வந்தவருக்கு ரெண்டு தோளும் நேரா இருந்துச்சு."

மச்சினனின் கை பெல்ட்டின் மேல் அப்படியே நின்றது. அவன் நூல்காரனின் இடது தோளைப் பார்த்தான்.

"மாமா," என்றான் தாழ்ந்த குரலில், "இன்னைக்கு வேணாமே. இறங்குங்க."

"நான் இறங்கினா நீ ஏறிக்கலாம், அதானே?"

"சத்தியமா இல்ல மாமா."

"புருஷன் திருந்தினாக்கூடச் சந்தேகப்படற கெழவி ஒருத்தி, அதக் கேட்டு ஒண்ணுக்குப் போற நீ ஒருத்தன். தள்ளுடா."

தள்ளினார்கள். பழைய வண்டிக்கு செல்ஃப் கிடையாது. கியரில் போட்டு, ஓட ஓட கிளட்ச்சை விட்டான். இன்ஜின் இருமியது, விக்கியது, பிறகு அவன் முதுகுக்கு ஒரு சாண் பின்னால் வாய் பிளந்து அலறியது. விளக்கெண்ணெய்ப் புகை ஹெல்மெட்டுக்குள் இனிப்பாக நுழைந்தது. அந்த ஒரு நொடியில் நூல்காரன் எல்லாவற்றையும் மறந்தான், தன்னைப் பிடித்தவர்களை, பிடிக்காதவர்களை, பத்து வருஷத்தை.

முதல் சுற்று மெதுவாக. டயர் சூடாகட்டும், எண்ணெய் ஏறட்டும். வண்டி நூல் பிடித்தது போல ஓடியது. அவன் நூல் அல்லவா. வளைவில் விட்டால் விட்ட இடத்தில் நின்றது, நேர்கோட்டில் கையை எடுத்தாலும் விலகவில்லை. கண்ணாடியில் முதலாளி புள்ளியாகக் கை ஆட்டினார். முட்டாள். மச்சினன் ஆட்டவில்லை. கோழை. இந்த வண்டியை இப்படி ஓட்ட இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள் என்று அவன் கேட்டுக்கொண்டான். பதிலும் அவனே சொல்லிக்கொண்டான்.

இரண்டாம் சுற்றில் முதுகு சுட்டது.

இன்ஜின் சூடு என்று நினைத்தான். ஆனால் இன்ஜின் சூடு பரவலாக வரும். இது இடுப்பில் தொடங்கியது. முதுகெலும்பின் இரண்டு பக்கமும் மெதுவாக ஏறியது. ஃபோம் இறுகி நாலு நாள் ஆகிறது. இறுகிய ஃபோம் மறுபடி பொங்காது. சுட்ட செங்கல் மறுபடி களிமண்ணாகாது. அந்த அலறலுக்கு நடுவிலும், ஹெல்மெட்டுக்குள், அவனுக்குக் கேட்டது, இலைகளுக்குள் பூச்சி ஓடுவது போன்ற அந்தச் சலசலப்பு.

முன்னால் நகர்ந்து உட்காரப் பார்த்தான். பெல்ட் விடவில்லை. பெல்ட்தானா? மார்பில் பெல்ட் தளர்வாகக் கிடந்தது. பின்னாலிருந்துதான் பிடி.

மூன்றாம் சுற்றின் முதல் வளைவில், கியர் இறக்க வேண்டும் என்று நினைத்தான். நினைத்து முடிப்பதற்குள் வலது கை இறக்கிவிட்டது. அழகாக இறக்கியது. அவன் ஒருநாளும் அப்படி இறக்கியதில்லை. அவன் கியரை அடிப்பான், திட்டுவது போல. இந்தக் கை கேட்டு வாங்கியது போல இறக்கியது.

அடுத்த வளைவில் அவன் நினைக்கவே இல்லை. கை இறக்கியது.

போதும். டிராக்கை விட்டு உள்ளே போய்விடலாம். பிரேக்கை மிதித்தான். மிதித்ததாக நினைத்தான். கால் அசையவில்லை. கால் எங்கே? முழங்கால் தெரிந்தது, ஷூ தெரிந்தது, ஷூ பெடலில் இருந்தது, வேண்டிய அளவுக்கு மிதித்து வேண்டிய அளவுக்கு விட்டது. பார்க்கத்தான் முடிந்தது, பஸ்ஸில் டிரைவர் பின்னால் உட்கார்ந்து டிரைவரின் காலைப் பார்ப்பது போல.

"டேய்," என்று கத்தினான். கத்தலுக்கு உதடு அசையவில்லை.

முதுகில் மூச்சு முட்டியது. மூச்சு உள்ளே வரவில்லை, ஊடே போனது. யாரோ அவன் பின்னாலிருந்து மூச்சை இழுத்து, அவன் விலா வழியாக, அவன் தொண்டை வழியாக, அவன் மூக்கில் விட்டார்கள். நிதானமாக. நெடுநாள் கழித்துக் காற்றைப் பார்த்தவன் இழுப்பது போல ஆழமாக.

நேர்கோடு. சாய்ந்த வெயில். கம்ப நிழல்கள். ஒன்று. அடுத்தது. அடுத்தது.

ஒவ்வொரு நிழலுக்கும் அவன் கொஞ்சம் பின்னால் போனான். ஸ்டீயரிங் ஒரு சாண் தள்ளிப்போனது. பிறகு ஒரு முழம். கண்ணின் ஓட்டைகள் இரண்டும் ஜன்னல்கள் போலத் தூரத்தில் நின்றன. ஜன்னலுக்கு முன்னால் ஒருவன் எழுந்து நின்று மறைத்தான்.

இருட்டு. தோல் வாடை. துணி வாடை.

நான் ஓட்டுகிறேன், என்று நினைத்தான். நான்தான்.

வண்டி தானாக வேகம் குறைந்து உள்ளே திரும்பியது.

இன்ஜின் நின்றது. அந்த அமைதியில் சூடான தகரம் டிக்டிக் என்று சுருங்கும் ஓசை. ஓடிவரும் செருப்புகள். பெல்ட் கொக்கி கழன்றது.

"மாமா! என்னா ஓட்டு மாமா! நீங்க இப்படி ஓட்டிப் பார்த்ததே இல்ல. ஒண்ணும் ஆகலையே உங்களுக்கு?"

கையை எடுடா நாயே, என்னைத் தூக்குடா, இழுத்து வெளியே போடுடா, என்றான் நூல்காரன்.

"ஒண்ணும் இல்லப்பா," என்றது அவன் குரல், அவனுக்கு முன்னாலிருந்து. "வண்டிய ரொம்ப நல்லாத் தயார் பண்ணியிருக்க. உன்னாலதான் ஓட்ட முடிஞ்சது."

மச்சினன் மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்டது. பத்து வருஷத்தில் ஒரு நல்ல வார்த்தை கேட்டிராதவன்.

பிறகு இரண்டு பக்கமும் கைகள் ஊன்றப்பட்டன. கனம் எழுந்தது. நூல்காரனின் மேலிருந்து, மார்பிலிருந்து, முகத்திலிருந்து, ஈரத்துணி பிரிவது போல ஒட்டி ஒட்டிப் பிரிந்து எழுந்தது. வெளிச்சம் வந்தது.

அவன் ஒரு முதுகைப் பார்த்தான். கழுத்தில் நரை கலந்த முடி. நடுவில் மரம் போல வியர்வைக் கறை. ஓட்டும் உடையில் வலது பக்கத் தையல் பிரிந்த இடத்தை மனைவி கறுப்பு நூலால் தைத்திருந்தாள். அவள் தைத்தது அவனுக்குத் தெரியாது. எந்த மனிதனும் தன் முதுகைப் பார்த்ததில்லை. அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அது நிமிர்ந்தது, சோம்பல் முறித்தது, குழியை விட்டு வெளியே கால் வைத்தது. இடது தோள் இரண்டு விரல் இறங்கியிருந்தது.

"பந்தயத்துக்கு நீங்கதான் நூல்காரரே!" என்றது முதலாளியின் குரல். "பேச்சே இல்ல."

"வேணாம் சார். தம்பி ஓட்டட்டும். எனக்கு இது போதும்." அந்தக் குரலில் அவ்வளவு பணிவு. "நான் வீட்டுக்குப் போகணும். அவ காத்துக்கிட்டு இருப்பா."

முதுகு திரும்பவில்லை. ஒரு தரம்கூடக் குழிக்குள் பார்க்கவில்லை. நடந்து போனது. மேலே நீளவாக்கில் ஒரு துண்டு வானம் மட்டும் மிஞ்சியது, அதில் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது.

நூல்காரன் அலறினான். சீட்டின் தோல் லேசாக முனகியது.

மச்சினனின் முகம் மேலே வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தான். சீட்டில் ஈரம் கண்டு, துணியை எடுத்து அழுந்தத் துடைத்தான். துணி நெற்றியின் மேல் போனது, கண்களின் மேல் போனது, வாய்க்குள் போய் வந்தது. டேய், நான்டா. மாமாடா. பாருடா. மச்சினன் குனிந்து, கிடந்த பெல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தான். ஆளில்லாத வண்டியில் பெல்ட் தொங்கக்கூடாது, மாட்டி இறுக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டியை லாரியில் ஏற்றி இறக்கும்போது எங்காவது சிக்கும் என்று மாமா அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்திருந்தார். இடுப்பில் இரண்டு. தோளில் இரண்டு. கொக்கி விழுந்தது. முனையைப் பிடித்து, காலை வண்டியில் ஊன்றி, இனி இழுக்க முடியாது என்னும் வரை இழுத்தான். உள்ளே ஏதோ இடிப்பது போலிருந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தான்.